நல்வாழ்வு ஆய்வில் துறைகளை இணைப்பது எப்படி: கொழும்புக் களத்துக்கான ஒரு வழிகாட்டி

மனித நல்வாழ்வு, சமூக நல்வாழ்வு என்ற தலைப்புகளில் பல்கலைக்கழகங்கள் தொடங்கும் ஆய்வுத் திட்டங்கள் பல, பெயரளவில் பல துறைகளின் கூட்டு முயற்சியாக இருந்தாலும், முடிவில் தனித்தனி ஆய்வுகளை ஒரே அட்டைக்குள் தைத்த கோவையாகவே வெளிவருகின்றன. மருத்துவ பீடத்தார் குருதி அமுக்கத்தை அளந்திருப்பர். பொருளியலாளர் வருமானத்தைக் கேட்டிருப்பார். சமூகவியலாளர் நீண்ட நேர்காணல்களை எடுத்திருப்பார். ஆனால் மூவரும் வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு வீடுகளின் கதவைத் தட்டியிருப்பர். அத்தகைய அறிக்கையில் ஓர் அத்தியாயத்தின் முடிவு மற்றதன் முடிவை எந்த வகையிலும் மாற்றுவதில்லை. இணைப்பு என்பது இறுதி அறிக்கையில் செய்யப்படும் வேலை என்று எண்ணுவதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஆய்வு வினாவை எழுதும் நாளிலும், எந்த அலகை அளப்பது என்று தீர்மானிக்கும் நாளிலும் துறைகள் இணையாவிட்டால், பிறகு எத்தனை கருத்தரங்கு வைத்தாலும் அவை இணைவதில்லை.

பட்டப்பின்படிப்பு மாணவர்களையும், முதன்முறையாக வேறொரு பீடத்தாருடன் சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்கும் இளம் விரிவுரையாளர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பொதுப்படப் பேசினால் பயன் குறைவு என்பதால் ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுசெல்கிறேன்: கொழும்பு நகரின் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடிசைக் குடியிருப்புகளிலிருந்தும் கால்வாயோரக் குடியிருப்புகளிலிருந்தும் தொடர்மாடிகளுக்கு இடம் மாற்றப்பட்ட குடும்பங்களின் நல்வாழ்வு. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் முகத்துவாரத்திலும் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்து வாழும் இக்கட்டடங்கள், கட்டடக்கலைஞருக்கும் சமுதாய மருத்துவருக்கும் பொருளியலாளருக்கும் ஒரே அளவு வேலை வைத்திருப்பவை.

எதை அளக்கப் போகிறோம்

1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் யாப்பு, நோயில்லாமல் இருப்பது மட்டும் சுகாதாரம் ஆகாது, உடல், உள, சமூக நிலைகளில் முழுமையான நலமே சுகாதாரம் என்று வரையறுத்தது. அந்த வரையறை அழகானது; ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வினாக்கொத்தைத் தயாரிக்க முடியாது. அமர்த்தியா சென், ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும் அதைக்கொண்டு அவர் எதைச் செய்ய இயலும், எப்படி வாழ இயலும் என்பதே முக்கியம் என்று வாதிட்டு, வருமானத்துடன் நின்றுவிட்ட பொருளியலாளரை அதற்கு அப்பால் நகர்த்தினார். அவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஜோன்-போல் ஃபிடூசியும் முன்னின்று நடத்திய, பிரான்ஸ் அரசு அமைத்த ஆணைக்குழு, 2009 அறிக்கையில், மொத்த உள்நாட்டு உற்பத்தியை மட்டும் நம்பாமல் மக்கள் தம் வாழ்க்கையைத் தாமே எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதையும் அரச புள்ளிவிபரங்கள் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 2013 இல் வெளியிட்ட அளவீட்டு வழிகாட்டி இதை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது: வாழ்க்கையை மொத்தமாக மதிப்பிடுதல், அன்றாடம் எழும் உணர்வுகள், வாழ்க்கைக்குப் பொருளும் நோக்கமும் உண்டு என்ற உணர்வு.

இந்த வரலாற்றை முன்மொழிவின் முதல் இரண்டு பக்கங்களில் எழுதிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அளக்கப் புறப்படுவது வழக்கமான தவறு. ஒரு வீட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டால் அதன் பின் வரும் பதில்கள் விருந்தினரை வழியனுப்புவதற்காகச் சொல்லப்படும் பதில்கள். எனவே முன்மொழிவில் ஒரு வாக்கியத்தை எழுதிக் குழுவினர் அனைவரும் கையொப்பம் இடுங்கள்: இந்த ஆய்வில் நல்வாழ்வு என்பது இன்னது, இந்தக் கருவியால் அளக்கப்படுவது, இன்னின்னது இதில் அடங்காது. அடங்காதவற்றின் பட்டியலே பின்னாளில் உங்களைக் காப்பாற்றும்.

எல்லாருக்கும் தேவையான ஒரே வினா

பின்னணியை முதலில் படித்துக்கொள்ள வேண்டும். 1984 இல் ஆரம்பிக்கப்பட்ட பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது நகர்ப்புறக் குடியிருப்புகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதே கொள்கையாக இருந்தது. 2001 இல் பொரளைக்கு அருகே எழுந்த சகஸ்புர தொடர்மாடியோடு போக்கு மேல்நோக்கித் திரும்பியது. பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை, 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாகக் கணக்கிட்டு, அவற்றைப் பெருமளவில் தொடர்மாடிகளுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. இந்த எண்களும் கொள்கை மாற்றமும் தெரியாமல் களத்துக்குப் போகிறவர், அங்குள்ள ஒரு முதியவர் சொல்வதன் பாதியைத்தான் புரிந்துகொள்வார்.

அடுத்து, ஒவ்வொரு துறையினரும் தமக்குரிய வினாவைத் தனித்தாளில் எழுதட்டும். கட்டடக்கலைஞர், மேல்மாடிகளில் வெப்பம் எவ்வளவு என்று கேட்பார். உளவியலாளர், மனச்சோர்வு எத்தனை பேரிடம் காணப்படுகிறது என்பார். பொருளியலாளர், மாதத் தவணையும் மின்சாரக் கட்டணமும் செலவில் எத்தனை வீதம் என்பார். சட்டத்துறையினர், வீட்டின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது என்பார். இவை யாவும் நல்ல வினாக்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை தனியே விடை காண முடியும் என்பதால், ஒன்றும் கூட்டு ஆய்வுக்கு உரியதல்ல. தனியே விடை காணக்கூடிய வினாக்களை வெட்டிக்கொண்டே போனால், கடைசியில் இதுபோன்ற ஒன்று எஞ்சும்: தொடர்மாடி வீட்டின் இரவு வெப்பமும் லிப்டின் நம்பகத்தன்மையும், குடும்பத்தில் யார் எங்கே எப்போது தூங்குகிறார், யார் வெளியே போகிறார் என்பதை எவ்வாறு மாற்றுகின்றன, அம்மாற்றம் அவர்களின் நல்வாழ்வு மதிப்பீட்டில் எவ்வாறு தெரிகிறது? இதற்குப் பொறியியல் அளவீடும் வேண்டும், மானிடவியலாளரின் அவதானிப்பும் வேண்டும், உளவியல் கருவியும் வேண்டும். ஒரு துறையை நீக்கிப் பாருங்கள். வினா முன்போல நிற்குமானால் அந்தத் துறை அலங்காரத்துக்குச் சேர்க்கப்பட்டது. அவர்களை மரியாதையாக ஆலோசகர் நிலைக்கு மாற்றிவிடலாம்.

குழுவும் எழுத்து மூல உடன்பாடும்

பணம் வருமுன்பே நான்கு விடயங்களை எழுதி வைக்க வேண்டும்: கட்டுரைகளில் பெயர் வரிசை, தரவின் உரிமை, செலவுப் பங்கீடு, பட்டப்பின் மாணவர்களின் மேற்பார்வை. பெயர் வரிசை அற்ப விடயம் போலத் தோன்றும். மருத்துவ இதழ்களில் கடைசிப் பெயர் மூத்தவருக்குரியது. கலைப் பீடத்தில் தனியே எழுதிய நூலுக்கே மதிப்பு. பொருளியலாளர் பலர் அகர வரிசையில் பெயர் இடுவர். பதவி உயர்வுக்கான புள்ளிகள் இதைச் சார்ந்திருப்பதால், பேசாமல் விட்டால் இரண்டாம் ஆண்டில் இதுவே பிளவாக வெடிக்கும். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை, அதாவது ஆய்வுக்குக் கணிசமான பங்களிப்பு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல் ஆகியவற்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, கலைத்துறையினருக்குத் தனிநூல் எழுதும் உரிமையையும் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் சண்டை ஓயும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் நடக்கும் ஆய்வுகளில் தமிழ் பேசுவோர், வினாக்கொத்து முடிவான பிறகு மொழிபெயர்க்கவும் கதவு தட்டவும் அழைக்கப்படும் வழக்கம் உண்டு. வினா உருவாகும் மேசையில் தமிழ் பேசும் ஆய்வாளர் ஒருவர் இல்லாத ஆய்வு, முகத்துவாரத்துத் தொடர்மாடியில் பாதிக் காதோடு உட்காருகிறது. களஉதவியாளர்களில் தமிழ் பேசும் பெண்கள் இருப்பது அவசியம். பகலில் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பதால் மட்டுமன்றி, முஸ்லிம் குடும்பங்களில் அறைக்குள் சென்று கருவி பொருத்தவும் அதுவே வழி.

மாதிரியும் ஒப்பீட்டுக் குழுவும்

கொழும்பு மாநகர எல்லை, கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள் அடங்குகிறது. அவற்றின் கீழுள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவுகளே பலருடைய மாதிரிச் சட்டகமாக, அதாவது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மூலப் பட்டியலாக, இருக்கின்றன. எங்கள் உதாரணத்துக்கு அது பொருந்தாது. ஒரே பிரிவுக்குள் தொடர்மாடியும் பழைய தோட்டமும் தனி வீடுகளும் கலந்திருக்கும். வாக்காளர் இடாப்பும் முழுமையற்றது. வாடகைக்கு வந்தோரும், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து உறவினருடன் தங்கியிருப்போரும் அதில் விடுபடுவர். ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிமாடியாக நடந்து, பூட்டிய வீடுகளையும் குறித்து, நீங்களே ஒரு பட்டியல் தயாரிப்பதுதான் சரி. அலுப்பான வேலைதான், ஆனால் அந்த நடையிலேயே எந்த லிப்ட் ஓடுகிறது, எங்கே தண்ணீர்ப் பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

மாதிரியின் அளவைக் கணக்கிடும்போது பாடநூலில் உள்ள 384 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அது, ஆராயும் பண்பு 50 வீதத்தினரிடம் உண்டு என்ற அனுமானத்துடனும் 5 வீதப் பிழை எல்லையுடனும் 95 வீத நம்பிக்கை மட்டத்தில், எழுமாறாகத் தனிநபர்களைத் தேர்ந்தெடுத்தால் போதுமான எண். ஒரே மாடியில் வாழ்வோர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதே வெக்கை, அதே இருண்ட நடைபாதை, அதே பழுதான லிப்ட். ஒரு கொத்தில், அதாவது ஒரு மாடியில், 20 பேரை எடுத்து, அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவைக் குறிக்கும் கொத்துக்குள் ஒப்புமைக் குணகம் 0.05 என்று கொண்டால், மாதிரியை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று சொல்லும் வடிவமைப்பு விளைவு 1.95 ஆகும், 384 என்பது 749 ஆகிவிடும். பத்தில் ஒருவர் மறுப்பார் அல்லது வீட்டில் இருக்கமாட்டார் என்று கொண்டால் 832 வேண்டும். இந்த எண்ணைக் கண்டதும் நிதிப் பொறுப்பாளர் முகம் மாறும். அப்போது வினாவைச் சுருக்குங்கள், மாதிரியைச் சுருக்காதீர்கள்.

மறுப்பு வீதம் அதிகமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. கொழும்பு மாவட்டத்தில் இரட்டையர்களையும் தனிப்பிறப்பினரையும் கொண்டு நடத்தப்பட்ட, உளநலத்தை மையமாகக் கொண்ட ஆய்வில், அழைக்கப்பட்ட 4,387 இரட்டையர்களில் 4,024 பேரும் 2,311 தனிப்பிறப்பினரில் 2,019 பேரும் பங்கேற்றனர். அதே மக்களிடம் மீண்டும் சென்று இதய, வளர்சிதைமாற்ற அளவீடுகளையும் பின்னர் சேர்க்க முடிந்தது. துறைகள் சேரும் ஆய்வுக்கு இது நல்ல முன்மாதிரி: ஒரே மக்களைக் கைவிடாமல் வைத்திருந்தால் புதிய துறை பிற்பாடும் வந்து சேரலாம்.

ஒப்பீடு பற்றி ஓர் எச்சரிக்கை. இடம் மாறியோரை இன்னும் தோட்டங்களில் இருப்போருடன் ஒரே நாளில் ஒப்பிட்டு, வேறுபாட்டை இடமாற்றத்தின் விளைவு என்று எழுதுவது பிழை. யார் முதலில் மாற்றப்பட்டனர் என்பதே தற்செயலாக நடந்ததல்ல. இடமாற்றத்துக்கு முன்னரே ஒருமுறை அளக்க வாய்ப்புக் கிடைத்தால் அதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கிடைக்காவிட்டால், "முன்பு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்" என்று நினைவிலிருந்து கேட்டுத் தரவு தயாரிப்பதைத் தவிர்த்து, ஒரே கட்டடத்துக்குள் மாடிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆராயலாம். வீடுகள் சீட்டுக் குலுக்கலில் ஒதுக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் அந்த ஒப்பீடு இன்னும் வலுவானது. வருமானம், செலவு ஆகியவற்றை முந்தைய அரச அளவீடுகளுடன் ஒப்பிடுவோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான செலவின அளவீடு பொருளாதார நெருக்கடிக்கு முந்தியது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. விலை மாற்றத்துக்குச் சரிசெய்யாத ரூபா எண்கள் எதையும் சொல்வதில்லை.

தூக்கம் என்ற ஒரு வரியை அளப்பது

உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐந்து வினா நல்வாழ்வுச் சுட்டெண் 1998 இலிருந்து புழக்கத்தில் உள்ளது. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக, அமைதியாக, உற்சாகமாக இருந்ததை முதல் மூன்று கூற்றுகள் கேட்கின்றன; நான்காவது, காலையில் எழும்போது களைப்பு நீங்கிப் புத்துணர்ச்சியாக இருந்ததைக் கேட்கிறது; ஐந்தாவது, அன்றாட வாழ்க்கை ஆர்வமூட்டுவதாக இருந்ததை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டுத்தொகையை 4 ஆல் பெருக்கினால் 100 இற்கு உட்பட்ட எண் கிடைக்கும். சுருக்கமானது, எழுத்தறிவு குறைந்தோரிடமும் வாய்மொழியாகக் கேட்கத் தக்கது.

எங்கள் வினாவுக்கு நான்காவது கூற்றே சந்திப்பு முனை. படுக்கும் இடத்தில் ஒரு சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவியை அதே இரண்டு வாரங்களுக்கு வைக்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 96, இரண்டு வாரங்களுக்கு 1,344 பதிவுகள். இவற்றை ஓர் எண்ணாகச் சுருக்கும்போதுதான் துறைகளின் உண்மையான உரையாடல் தொடங்குகிறது. பொறியியலாளர், வெளி வெப்பத்துக்கும் உள் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை விரும்புவார், ஏனென்றால் அது கட்டடத்தின் குணத்தைச் சொல்கிறது. மருத்துவர் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையை விரும்புவார், ஏனென்றால் உடல் ஓய்வெடுப்பது அப்போதுதான். இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே குறித்த வெப்பநிலையைத் தாண்டிய மணித்தியாலங்கள் என்று இருவரும் உடன்படக்கூடும்.

அப்போது மானிடவியலாளர் கேட்கும் கேள்வி இருவரையும் நிறுத்தும்: இந்த வீட்டில் இரவு 10 மணிக்கு யார் தூங்குகிறார்? துறைமுகத்திலும் பாதுகாப்பு நிறுவனங்களிலும் இரவு வேலை செய்வோர் பகலில் தூங்குகிறார்கள். புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமைகள் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். சுமார் 400 சதுர அடி வீட்டில் படுக்கையறை மணமான மகனுக்குப் போய்விட, தாயும் பேரப்பிள்ளைகளும் ஹோலில் பாய் விரிக்கிறார்கள். வெக்கை கூடிய இரவுகளில் ஆண்கள் நடைபாதையில் படுக்கிறார்கள். கருவி படுக்கையறையில் 1,344 பதிவுகளை எடுத்துக்கொண்டிருக்கும். நான்காவது கூற்றுக்கு விடை சொன்ன தாய் அந்த அறைக்குள் ஓர் இரவும் படுத்திருக்கமாட்டார். எனவே கருவி வைக்குமுன் ஒரு தூக்க வரைபடம் எடுங்கள்: வீட்டின் தரைப்படத்தில், ஒவ்வொருவரும் வழக்கமாகப் படுக்கும் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். கருவியை விடை சொல்பவரின் தலைமாட்டு உயரத்தில், மேற்குச் சுவரிலிருந்தும் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றிலிருந்தும் விலக்கி வையுங்கள். பகலில் தூங்குபவருக்குப் பகல் மணித்தியாலங்களையே கணக்கிடுங்கள்.

இரண்டு வாரம் என்ற நினைவுக் காலமும் கவனத்துக்குரியது. நோன்பு மாதத்தில் கேட்டால் முஸ்லிம் குடும்பங்களின் தூக்க நேரம் முற்றிலும் வேறு. ஆடிவேல் காலத்திலும் உயர்தரப் பரீட்சை நாட்களிலும் மற்ற வீடுகளுக்கு இதே நிலை. வெப்பத்தை ஆராய்வதற்கு மார்ச் முதல் மே வரை ஏற்ற காலம் என்று பொறியியலாளர் சொல்வார். சித்திரைப் புத்தாண்டில் பாதி வீடுகள் ஊருக்குப் போய்விடும் என்பதைக் களஉதவியாளர் சொல்வார். நாட்காட்டியை மேசையில் விரித்து, எல்லாத் துறையினரும் சேர்ந்து கோடு இழுக்க வேண்டும்.

வினாக்களை மொழிபெயர்த்து மீள்மொழிபெயர்ப்புச் செய்தால் போதாது. களத்துக்கு வெளியே ஒத்த பின்னணியுடைய சிலரிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, "இதைக் கேட்டதும் மனத்தில் என்ன வந்தது, ஏன் இந்த எண்ணைச் சொன்னீர்கள்" என்று கேட்டு, பதிலைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கள வடிவத்துக்கும் இதையே செய்து, இரு மொழிக் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே எண்ணுக்கு இரு மொழியிலும் ஒரே காரணம் சொல்லப்படுகிறதா என்பதே சோதனை.

நல்வாழ்வைப் பற்றிய கேள்விகளை யார் காதில் விழக் கேட்கிறோம் என்பதும் அளவீட்டின் ஒரு பகுதி. மாமியார் அடுப்படியிலும் அயல்வீட்டார் வாசலிலும் நிற்கும்போது மருமகள் எல்லாக் கூற்றுக்கும் 5 என்றே சொல்வார். அவரை அறையிலிருந்து பிரித்து அழைப்பது சந்தேகத்தை வளர்க்கும் என்பதால், விடைகளை வாய்விட்டுச் சொல்லாமல் அட்டையில் விரலால் காட்டச் செய்வதும், யார் அருகில் இருந்தார் என்பதை ஒவ்வொரு படிவத்திலும் குறிப்பதும் நடைமுறைக்கு உகந்தவை.

பொருளியல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். வருமானத்தை நேரடியாகக் கேட்பதைக் காட்டிலும் கடந்த மாதம் எந்தச் சீட்டில் எத்தனை ரூபா கட்டினார், எந்த நகை அடகில் இருக்கிறது, மின்கட்டணப் பட்டியல் எவ்வளவு என்று கேட்டால் நம்பகமான விடை கிடைக்கும். முதியோரின் நடமாட்டத்துக்கு அவர்களிடமே ஓர் ஆவணம் இருக்கிறது: வைத்தியசாலை கிளினிக் கொப்பி. சம்மதத்துடன் அதிலுள்ள திகதிகளை, லிப்ட் பழுதடைந்த நாட்களுடன் ஒப்பிடலாம். லிப்டின் பராமரிப்புப் பதிவேடு கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகார சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

ஒழுக்கநெறி அனுமதியும் களப் பிரவேசமும்

மனிதரைக் கொண்டு செய்யும் மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் 1964 இல் வந்தது. கொழும்பு மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு 1981 முதல் இயங்குகிறது. கலை, கட்டடக்கலைத் துறைகளைச் சேர்ந்தோர் இந்நடைமுறையைத் தடையாகக் கருதுவது வழக்கம். முன்மொழிவில் மருத்துவரின் பகுதிக்கு மட்டும் அனுமதி பெற்றுவிட்டு, நேர்காணலைத் தனியே தொடங்கிவிடுவதும் உண்டு. முழு ஆய்வுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே குழு என்பதே பாதுகாப்பானது. தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும்.

தகவல் தாளின் முதல் பந்தியிலேயே எழுத வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: இந்த ஆய்வினால் உங்கள் வீடு, உறுதி, தவணை, நிவாரணம் ஆகிய எதிலும் எந்த மாற்றமும் ஏற்படாது. தொடர்மாடியில் கோப்புடன் வருபவர் யாராக இருந்தாலும் அதிகார சபையிலிருந்து வந்தவர் என்றே முதலில் எண்ணப்படுவார். அஸ்வெசும என்ற அரச நிவாரணத் திட்டத்தின் பட்டியலில் பெயர் வருமா என்று கேட்போரும் இருப்பர். இந்த எண்ணம் நீங்காதவரை, வறுமை கூட்டியும் மகிழ்ச்சி குறைத்தும், சில வேளை நேர்மாறாகவும் சொல்லப்படும். இதனால்தான் கிராம உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்து மூலம் அறிவித்து அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டுமே தவிர, அவர்களுடன் சேர்ந்து வீடு வீடாகப் போகக் கூடாது என்கிறேன். நகர எல்லைக்குள் அடிப்படைச் சுகாதார சேவைகள் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருவதால், கடிதம் அங்கும் போக வேண்டும். நுழைவுக்குச் சிறந்த துணை, கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவில் உள்ள ஒரு பெண்மணி அல்லது தாய்மார் நன்கறிந்த குடும்ப நல உத்தியோகத்தர்.

ஐந்து வினாச் சுட்டெண்ணில் 100 இற்கான புள்ளி 50 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் மேலதிகக் கவனிப்புத் தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அத்தகைய புள்ளியைக் கண்டபின் கோப்பை மூடிக்கொண்டு வெளியேறுவது ஆய்வல்ல. யாரிடம், எந்தக் கிளினிக்குக்கு, யார் அழைத்துச் செல்வார் என்பது களத்துக்குப் போகுமுன் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும், பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929 ஆகியவற்றையும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு எல்லா வீடுகளுக்கும் கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் அவர்கள் அடையாளம் காணப்படுவர்.

பகுப்பாய்வில் ஒரே மேசை

எண்களாலான கணியத் தரவு முடிந்ததும் நேர்காணல் போன்ற பண்புசார் தரவு என்று வரிசையாகப் போகாமல், இரண்டையும் ஒன்று மற்றதை வழிநடத்தும்படி அமைக்கலாம். வெப்பம், மாடி, வயது, செலவுச் சுமை ஆகியவற்றைக்கொண்டு ஒவ்வொருவரின் நல்வாழ்வுப் புள்ளியையும் ஒரு புள்ளிவிபரச் சமன்பாடு எதிர்வுகூறட்டும். எதிர்வுகூறியதிலிருந்து மிக அதிகமாக விலகி நிற்போரின் பட்டியலை எடுத்து, நீண்ட நேர்காணலுக்கு அவர்களையே தேர்ந்தெடுங்கள். மிகச் சூடான வீட்டில் இருந்தும் தூக்கம் நன்றாக உள்ளது என்றவர், முன்பு வெள்ளத்தில் மூழ்கும் பலகை வீட்டில் இருந்தவராக இருக்கலாம். அல்லது இரவில் தங்கை வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம். அல்லது நேர்காணல் நாளில் அதிகார சபைக்கு அஞ்சியவராக இருக்கலாம். முதலாவது ஒப்பீட்டு மனநிலையைப் பற்றிய கண்டறிதல், இரண்டாவது அளவீட்டுப் பிழை, மூன்றாவது களநுழைவின் குறை. எண் மட்டும் இம்மூன்றையும் பிரித்துக் காட்டாது.

நான்கைந்து கட்டடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆள், மாடி, கட்டடம் என்ற அடுக்குகளைப் பிரித்துக் கணக்கிடும் பலமட்டப் புள்ளிவிபர மாதிரியைக் கட்டட மட்டத்தில் ஓட்டுவது, புள்ளிவிபர மென்பொருள் அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்யத் தக்கதல்ல. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் கட்டடங்களுக்கிடையேயான மாறலை நம்பகமாக மதிப்பிட முடியாது. கட்டடங்களை நிலையான விளைவுகளாக, அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மாறியாக, சேர்த்துவிட்டு, மாடி மட்டத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

வெளியீடும் கையளிப்பும்

துறைகள் இணைந்த ஆய்வு கொள்கையை மாற்றியதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1995 இல் 100,000 பேருக்குச் சுமார் 47 ஆக இருந்த தற்கொலை வீதம், அதிக நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் கட்டம் கட்டமாகத் தடைசெய்யப்பட்டபின் பெருமளவு வீழ்ந்தது. நச்சியல் மருத்துவரும் தொற்றுநோயியலாளரும் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. தடையினால் விளைச்சல் குறையவில்லை என்பதைக் காட்டும் விவசாயத் தரவும் பக்கத்தில் இருந்ததால்தான் விவசாயத் தரப்பின் அச்சத்துக்கு விடை கூற முடிந்தது. உங்கள் ஆய்விலும், அதிகாரியின் முதல் ஆட்சேபம் எதுவாக இருக்கும் என்று கேட்டு, அதற்குரிய தரவை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்மாடிகளைப் பொறுத்தவரை அது செலவாகத்தான் இருக்கும்: கூரைக்கு வெப்பக்காப்புப் பூச்சு, லிப்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றின் விலைமதிப்பீடு உங்கள் கோவையில் இருக்க வேண்டும்.

குடியிருப்பாளருக்கு முடிவைச் சொல்லும் கூட்டத்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஞாயிறு மாலையில், தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள். ஒரு பக்கத் தாள் போதும். கீழே இறங்க இயலாதோர் இருக்கும் வீடுகளுக்கு அத்தாளை நேரில் கொண்டுசெல்லுங்கள். இதழுக்கு அனுப்புமுன் இக்கூட்டத்தை வைத்தால், தவறான விளக்கங்களைத் திருத்தவும் வழி கிடைக்கும்.

தரவைக் களஞ்சியத்தில் இடும்போது பெயரை நீக்கினால் போதும் என்று எண்ணக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகைக்குள் சேர்த்திருக்கிறது. கட்டடம், மாடி, வயது, மதம் ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தால், பதினோராம் மாடியில் வாழும் எண்பது வயதைக் கடந்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்மணி யார் என்பதை அக்கட்டடத்தின் காவலாளி கூடச் சொல்லிவிடுவார். மாடியைக் கீழ், நடு, மேல் என்று மூன்றாகவும், வயதைப் பத்தாண்டுத் தொகுதிகளாகவும் மாற்றி, மதத்தைப் பொதுக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, முழுக் கோப்பைக் குழுவின் எழுத்து மூல உடன்பாட்டில் பெயர் குறிக்கப்பட்ட ஒருவரின் பொறுப்பில் விடுங்கள்.